சீர்த்தட்டுக் கண்ணாடித்தாள்: மட்க வைத்தது, உருக்கியது, கடைசியில் கைவிட்டது

சீர்த்தட்டுகளை மூடுவதற்குக் கண்ணாடித்தாள் வாங்குவதை இந்த ஆவணி முகூர்த்தங்களோடு நிறுத்திவிட்டேன். மூங்கில் சிம்பும் மஞ்சள் தோய்த்த பேண்டேஜ் துணியும் சேர்த்து நானே செய்த குடைமூடிகள் பாளையங்கோட்டையிலிருந்து வேனில் ஏறிக் கல்லிடைக்குறிச்சிப் பெண் வீட்டுக்குப் போய், நசுங்காமல் திரும்பியும் வந்துவிட்டன. இந்த முடிவுக்கு வருவதற்குள் தாளை மட்க வைத்துப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டியால் உருக்கிப் பார்த்தேன். பழைய பொருள்களை எடைக்கு வாங்கும் ஆக்கர் கடைக்காரரிடம் மன்றாடிப் பார்த்தேன். எது எங்கே முட்டி நின்றது என்பதை வரிசைப்படி எழுதுகிறேன். தட்டு அலங்காரம் செய்கிறவர்களுக்கும் பூங்கொத்து கட்டுகிறவர்களுக்கும் பயன்படும். மற்றவர்கள் தாளைத் தீயில் காட்டும் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

எங்கள் பக்கத்தில் சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போகும். 11, 21, வசதிப்பட்டவர்கள் வீட்டில் 51. வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பட்டுப்புடவை, வளையல், கற்கண்டு, அல்வா, அதிரசம் என்று தட்டுக்கு ஒன்று. எதுவாக இருந்தாலும் மேலே கண்ணாடித்தாளைக் கூம்பாகக் குவித்து ரிப்பன் கட்டினால்தான் தட்டு ஜோடித்ததாகக் கணக்கு. நான் வாங்கிக்கொண்டிருந்த தாள் 30 அங்குலத்துக்கு 40 அங்குலம், 25 மைக்ரான் கனம். ஒரு தாள் 17 அல்லது 18 கிராம். 51 தட்டுக்கான தாளையும் சேர்த்துத் தராசில் வைத்தாலும் 900 கிராம்தான் காட்டும். விரித்துப் போட்டால் ஏறத்தாழ 39 சதுர மீட்டர். ஒரு சென்ட் நிலம் கிட்டத்தட்ட மூடிவிடும்.

தொல்லை முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எடை இல்லாததால் வாங்க ஆள் இல்லை. பரப்பு மிகுந்ததால் போகிற இடமெல்லாம் அடைக்கிறது. பாளையங்கால்வாயில் தண்ணீர் வரும் நாட்களில் மதகுக் கம்பியைப் பார்த்தால் புரியும். இலைதழை தண்ணீரோடு நழுவிப் போய்விடும். கண்ணாடித்தாள் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, பின்னால் வருகிற எல்லாவற்றையும் பிடித்து நிறுத்திவிடும்.

முதலில் போனது ஆக்கர் கடைக்குத்தான். விசேஷம் முடிந்து திரும்பிய தாள்களை ஒரு சாக்கில் திணித்துக்கொண்டு போனேன். கடைக்காரர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே என் பக்கம் நகர்த்திவிட்டார். “பால் பாக்கெட் கொண்டு வாருங்கள் அக்கா, எடுத்துக்கொள்கிறேன். உடைந்த வாளி, நாற்காலி எதுவானாலும் சரி. இந்தச் சலசலப்புத் தாள் மட்டும் வேண்டாம். சாக்கு நிறையும், தராசு நிறையாது” என்றார். பசை டேப்பும் ரிப்பனும் ஒட்டியிருப்பது வேறு ஒரு குறை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவரிடமிருந்து வாங்குகிற ஆலைக்குச் சுத்தமான, ஒரே வகையான, கனமான சரக்கு வேண்டும். நான் கொண்டுபோனதில் இந்த மூன்றும் இல்லை.

சரி, கண்ணாடித்தாள் என்றால் செல்லோபேன், அது மரக்கூழிலிருந்து செய்வது, மண்ணில் மட்கிவிடும் என்று சொல்கிறார்களே, வீட்டிலேயே உரமாக்கிவிடலாம் என்று அடுத்த திட்டம் போட்டேன். அதற்கு முன்னால் கையில் இருப்பது உண்மையிலேயே செல்லோபேன்தானா என்று பார்த்தாக வேண்டும். கடையில் எல்லாத் தாளையும் ஒரே பெயரில்தான் கொடுக்கிறார்கள். விசேஷ வீடுகளிலிருந்து திரும்பிய தாள், பூங்கொத்துக் கடையில் வாங்கிய புள்ளி போட்ட தாள், வெள்ளிப் பளபளப்புத் தாள், இவற்றோடு பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பழைய ஸ்டேஷனரிக் கடையின் பரணிலிருந்து இறக்கிய வண்ணத்தாள்கள் என்று எல்லாவற்றிலும் ஒரு துண்டு வெட்டிக்கொண்டேன். அந்த வண்ணத்தாள் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒட்டுவதற்கு எங்கள் ஊரில் குயர் கணக்கில் விற்றது. அதே பரணில் பழைய கத்தை ஒன்றில் நிறமில்லாத தாளும் கொஞ்சம் கிடைத்தது.

சோதனைக்கு வேண்டியவை: ஒரு வாளித் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, இடுக்கி, அகல்விளக்கு, பழைய மின்விசிறியிலிருந்து உருவிய செம்புக் கம்பி ஒரு சாண், மேசை அடுப்பு. எல்லாவற்றையும் பின்கட்டில், காற்று போகிற இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்களைக்குள் செய்யவே கூடாது.

முதலில் தண்ணீர். துண்டை நீருக்குள் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் தேய்த்து விட்டுவிட வேண்டும். சொட்டுத் திரவம் அதற்குத்தான். கையை எடுத்ததும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் மேலே வந்து மிதக்கும். அது தண்ணீரைவிட லேசானது. உண்மையான செல்லோபேன் அடியில் போய்ப் படுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் துவண்டு, கையில் எடுத்தால் ஈரத்துணி மாதிரி ஆகி, காய்ந்ததும் சுருக்கம் விழும். விசேஷ வீட்டுத் தாள், புள்ளித் தாள், வெள்ளித் தாள் மூன்றும் மிதந்தன. மிதந்தது மட்டுமல்ல, எடுத்து உதறியதும் புதுத்தாளாக விறைத்துக்கொண்டன. சிவப்பு வண்ணத்தாள் மூழ்கியது. அத்துடன் வாளித் தண்ணீர் முழுவதும் ரோஸ் நிறமாகிவிட்டது. சாயம் அப்படி இறங்குகிறது என்பதை மனத்தில் குறித்துக்கொண்டேன், பின்னால் உரம் போடும்போது உதவியது.

மூழ்கியதெல்லாம் செல்லோபேன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாலியெஸ்டர் படலமும் மூழ்கும். அதனால் அடுத்தது தீ. நகத்தளவு துண்டை இடுக்கியில் பிடித்து அகலில் காட்டினால், செல்லோபேன் காகிதம் எரிவது போலவே சீராக எரிந்து, காகிதம் கருகிய வாடையோடு நொறுங்கும் சாம்பல் விடும். பாலிபுரொப்பிலீன் முதலில் சுருண்டு பின்வாங்கும், பிறகு உருகிச் சொட்டும், அணைத்ததும் மெழுகுவர்த்தி அணைந்த வாடை வரும். அந்தச் சொட்டு கையில் பட்டால் தோலோடு வரும், ஜாக்கிரதை.

மூன்றாவது செம்புக் கம்பி. கம்பியின் நுனியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சுடர் நிறம் மாறாமல் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, சூடாகவே தாளில் தொட்டு மறுபடியும் சுடரில் காட்ட வேண்டும். தாளில் குளோரின் இருந்தால் சுடர் பச்சையாக எரியும். பி.வி.சி. படலத்தைக் கண்டுபிடிக்கும் பழைய ஆய்வுக்கூட முறை இது. வண்ணத்தாள் எந்த நிறமும் காட்டவில்லை. பரணில் கிடைத்த நிறமில்லாத தாள்தான் வேடிக்கை காட்டியது: தண்ணீரில் மூழ்கியது, காகிதமாக எரிந்தது, ஆனால் கம்பியில் நல்ல மரகதப் பச்சை. அதாவது உள்ளே மரக்கூழ், மேலே ஈரம் புகாதபடி குளோரின் கலந்த பிளாஸ்டிக் பூச்சு.

அந்தப் பூச்சுக்கு ஒரு பழைய கதை உண்டு. சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஜாக் பிராண்டன்பெர்கர் 1908 வாக்கில் செல்லோபேன் செய்யும் முறையை உருவாக்கியபோது, அது தண்ணீரைத் தடுத்தாலும் ஈரக்காற்றைத் தடுக்கவில்லை. மிட்டாய் பிசுபிசுத்தது, பிஸ்கட் பதத்தது. அமெரிக்காவில் டியூபாண்ட் நிறுவனத்தின் வில்லியம் ஹேல் சார்ச் 1927இல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் அது உணவுக் கடைகளை வளைத்துப் போட்டது. பின்னால் வந்த பூச்சுகளில் ஒன்றுதான் என் கம்பியைப் பச்சையாக்கிய குளோரின் வகை. பிறகு பாலிபுரொப்பிலீன் வந்தது. விலை குறைவு, ஈரத்துக்கு அசையாது. பெயர் மட்டும் பழைய பெயராகவே நின்றுவிட்டது.

கையிலிருந்த சரக்கில் முக்கால்வாசிக்கு மேல் மட்கவே மட்காது என்பது சோதனையிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கண்ணால் பார்த்தால்தான் வாடிக்கையாளரிடம் அடித்துச் சொல்ல முடியும். காருகுறிச்சி மண்தொட்டி ஒன்று, 18 அங்குல வாய், பக்கவாட்டில் ஆணியால் துளை போட்டது. அடியில் தேங்காய் மட்டை, மேலே காய்கறித் தோல் ஒரு அடுக்கு, வேப்பஞ்சருகு ஒரு அடுக்கு, சாணிக் கரைசல் ஒரு குவளை என்று மாற்றி மாற்றி நிரப்பினேன். 10 செ.மீ. சதுரமாக வெட்டிய தாள்களை வெங்காயம் வரும் வலைப்பையில் தனித்தனியாகப் போட்டு, எது எது என்று தெரிய நைலான் கயிற்றில் வெவ்வேறு எண்ணிக்கையில் முடிச்சுப் போட்டுப் புதைத்தேன். வலைப்பை மட்காது, இந்த ஒரு வேலைக்கு அதுவே வசதி. நகைக்கடையில் வேலை பார்க்கும் என் தம்பியிடம் 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இருந்தது, அதில் எடை போட்டுக்கொண்டேன். விசேஷ வீட்டுத் தாள் ஒரு துண்டு 0.23 கிராம்.

ஆடிக் காற்று தொட்டியை உலர்த்திக்கொண்டே இருந்தது. பிழிந்தால் ஒரு சொட்டு வருகிற அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும். காலையில் தெளித்தால் மாலையில் மேல்பாதி பொரிந்து நிற்கிறது. ஈரச்சாக்கு போட்டு மூடிய பிறகுதான் உள்ளே சூடு பிடித்தது. அடுத்த முறை தொட்டியை முருங்கை நிழலுக்கு மாற்றிவிடுவேன்.

முதல் மாத முடிவில் கிளறியபோது வண்ணத்தாள் சல்லடையாகியிருந்தது. நிறம் போய், தொட்ட இடம் விரலோடு கரைந்து வந்தது. அடுத்த மாதம் வலைப்பைக்குள் அது இருந்ததற்கு அடையாளமே இல்லை. பச்சைச் சுடர் காட்டிய தாளில் நடந்ததுதான் எனக்கு வியப்பு. தாளாக அது இல்லை. ஆனால் முட்டை ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் தோலைப் போல மெல்லிய, கலங்கலான சவ்வு ஒன்று துண்டு துண்டாகக் கிடந்தது. மரக்கூழை மண் தின்றுவிட்டது, பூச்சை விட்டுவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற ஒரு தாளைப் போட்டு, பொறுக்கி எடுக்க முடியாத தூளை வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். விசேஷ வீட்டுத் தாளைக் குழாயடியில் கழுவினேன். மினுமினுப்புக்கூடக் குறையவில்லை. தராசில் அதே 0.23. இன்னொரு தட்டைச் சுற்றியிருக்கலாம்.

அந்தத் தொட்டி உரத்தைக் கத்தரிக்கும் வெண்டைக்கும் போடவில்லை. வாளியில் இறங்கிய ரோஸ் சாயம் என்ன சாயமோ, குரோட்டன்ஸ் செடிக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படியானால் பூச்சில்லாத அசல் செல்லோபேனையே தருவித்துக் கட்டலாமே என்று என் மதினி கேட்டாள். நியாயமான கேள்விதான். அந்தச் சின்ன வண்ணத்தாளே ஒன்று 12 ரூபாய். பெரிய அளவில் போனால் கட்டுப்படியாகாது. பூச்சில்லாத தாள் நம் ஊர்க் காற்றுக்கும் ஒத்துவராது. சித்திரையில் உலர்ந்து மடிப்பில் விரியும், ஐப்பசி ஈரத்தில் தொங்கிவிடும். அது பிறக்கும் இடமும் அத்தனை சுத்தமில்லை. மரக்கூழைக் காரத்தில் ஊற வைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துக் கரைத்து, கந்தக அமிலத் தொட்டிக்குள் தாளாக இழுக்கிறார்கள். கார்பன் டைசல்பைடு நரம்பைக் கெடுக்கும் நச்சு. ரேயான் ஆலைத் தொழிலாளர்கள் அதனால் பட்ட பாடு தொழில் மருத்துவத்தில் நன்றாகப் பதிவான ஒன்று. என் தொட்டியில் நல்லபடியாக மட்கியதை வைத்து மட்டும் அதற்கு நற்சான்றிதழ் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உருக்கும் வேலைக்கு வருகிறேன். குவிந்துகிடந்த பாலிபுரொப்பிலீன் தாளை அடுக்கி, இரு பக்கமும் பட்டர் பேப்பர் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் ஒட்டிக் கெட்டியான விரிப்பாகும், அதில் பை தைக்கலாம் என்று ஒரு யோசனை. எட்டு அடுக்கு வைத்து, பெட்டியைப் பருத்தித் துணிக்கான சூட்டில் திருப்பித் தேய்த்தேன். 12 அங்குலச் சதுரம் கண்ணெதிரே சுருங்கி 9 அங்குலமாகி, ஓரமெல்லாம் மேலே சுருண்டுகொண்டது. ஆலையில் இந்தப் படலத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துத்தான் மெலிதாக்குகிறார்கள். சூடு கண்டதும் இழுபட்டதெல்லாம் பழைய நிலைக்கு ஓடுகிறது. அடுத்து, பிளைவுட் பலகையில் நான்கு ஓரமும் நெருக்கமாகக் குண்டூசி அடித்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்ன இடமாக அழுத்தினேன். தட்டையாக வந்தது. பார்க்கவும் அழகு, உள்ளே ரிப்பன் துணுக்கு வைத்தால் இன்னும் அழகு.

தைத்ததும் குட்டு வெளிப்பட்டது. ஊசி போன வரியிலேயே இழுத்தவுடன் கிழிந்தது. தையலை அகலமாக்கி, ஓரத்தில் நாடா வைத்துத் தைத்ததில் தாங்கியது. ஆனால் ஒரு பைக்கு அரை நாள், மின்சாரம், வீடு முழுக்க மெழுகு வாடை. செய்து முடித்த பை கிழிந்தால் மறுபடியும் அதே குப்பை, இப்போது எந்த ஆக்கர் கடையும் தொடாத கலப்படக் குப்பை. இரண்டு பைகளோடு நிறுத்திக்கொண்டேன். ஒன்றில் துணி கவ்வும் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

மிச்சத் தாளுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று தார்ச்சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறையில், பிளாஸ்டிக்கைச் சில மில்லிமீட்டர் அளவுக்குப் பொடித்து, சுமார் 160 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லியின் மேல் தூவினால் அது உருகிப் பூச்சாகப் படிந்துவிடும். அதன் மேல் தார். பாலிபுரொப்பிலீன் இதற்கு ஆகும். பி.வி.சி. கூடாது, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். இரண்டாவது வழி சிமென்ட் சூளை. உள்ளே 1,400 டிகிரிக்கு மேல் எரிகிற இடம் என்பதால் மறுசுழற்சிக்கு ஆகாத படலங்களை நிலக்கரியோடு எரிபொருளாகச் சேர்க்கிறார்கள். தாழையூத்துச் சிமென்ட் ஆலைப் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சூடு புரியும். இரண்டு வழிக்கும் தாள் உலர்ந்து, பிரிந்து, தனியாகப் போக வேண்டும். செம்புக் கம்பியில் பச்சை காட்டியதை வேறு மூட்டையில் கட்டி, மற்றதை டேப் கத்தரித்து நீக்கி, குப்பை வாங்க வரும் அக்காவிடம் உலர் கழிவாகக் கொடுக்கிறேன். வாங்கும்போது அவர் சாக்கைப் பிசைந்து பார்த்துவிட்டுச் சிரிப்பார், அவருக்கும் இது எடையில் சேராத சரக்குதான். கலந்து கொடுத்தால் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்குதான். அங்கே கோடையில் தீப்பிடித்துப் புகைவது நெல்லைக்காரர்களுக்குப் புதிதில்லை.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், தொழில் செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் ஒன்று. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் படலத்துக்குத் தடை. அல்வாத் தட்டையும் அழைப்பிதழ்த் தட்டையும் நான் சுற்றிக்கொண்டிருந்தது எதில் சேரும் என்று வாதாடலாம். வாதாடுவதைவிட விட்டுவிடுவது எளிது.

துணிக்கு வருவதற்கு முன்னால் பனையோலையில் ஒரு முயற்சி. திசையன்விளைப் பக்கமிருந்து மூடி போட்ட குருத்தோலைப் பெட்டிகள் வரவழைத்தேன், பத்து அங்குலம், ஒன்று 90 ரூபாய். பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்ததும் கையில் வாங்கி மோந்து பார்த்து, “எங்கள் கல்யாணத்தில் பணியாரம் இதில்தானே போனது” என்றார். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அதைவிட நல்ல கலம் கிடையாது. ஆனால் சீர்த்தட்டின் நோக்கமே உள்ளே இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டும் என்பது. பட்டுப்புடவையைப் பெட்டிக்குள் வைத்து மூடினால் மாப்பிள்ளையின் அத்தை விடுவாரா? ஐப்பசி மழையில் ஓலை பூசணம் பிடிப்பதும் உண்டு, வெயிலில் போட்டுத் தட்டி எடுத்து வைக்க வேண்டும். பலகாரத் தட்டுகளுக்கு மட்டும் ஓலைப்பெட்டியை நிரந்தரமாக்கினேன்.

உள்ளே தெரியவும் வேண்டும், துவைக்கவும் வேண்டும், நைலான் வலையாகவும் இருக்கக் கூடாது. மல்துணி வாங்கிப் போர்த்திப் பார்த்தேன், உள்ளே பூசணிக்காயா புடவையா என்று தெரியவில்லை. அப்போதுதான் ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டி நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். அந்தத் துணியின் நெசவு அவ்வளவு விலகல், விரலை அடியில் வைத்தால் நகம் தெரியும். 90 செ.மீ. அகலம், 18 மீட்டர் சுருள் 290 ரூபாய். 80 செ.மீ. நீளத்துக்கு வெட்டியதில் 22 மூடிக்குத் துணி கிடைத்தது.

சட்டகம் ஒரு கூடை முடைகிறவரிடம் சொல்லிச் செய்தது. அடிவளையம் 14 அங்குலம், அதில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வில். வில் ஒவ்வொன்றும் 28 அங்குலச் சிம்பு. இரு முனையிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் வளையத்தோடு சேர்த்துக் கட்டியபின் உயரம் 9 அங்குலம் நிற்கிறது. சிம்பை ஊற வைக்காமல் வளைத்தால் உச்சியில் நார் பிரியும், அந்த நார் துணியைப் பிடித்து இழுக்கும். ஆகவே ஒரு ராத்திரி ஊறல், வளைத்த பிறகு உப்புக்காகிதத் தேய்ப்பு. ஒன்றுக்குக் கூலியோடு 40 ரூபாய்.

துணியை நேராகப் போர்த்தினால் நான்கு மூலையிலும் மொத்தையாக மடிப்பு விழுகிறது. 45 டிகிரி திருப்பி, இழையின் குறுக்குவாக்கு வில்லின் மேல் வருமாறு போட்டு இழுத்தபோது துணி தானே நீண்டு கொடுத்தது, மடிப்பு பாதியாகக் குறைந்தது. வெட்டிய ஓரம் தொட்டால் பிரியும் துணி இது. முதலில் ஓரத்தில் பருத்தி நாடா வைத்துத் தைத்துவிட்டுத்தான் வளையத்தில் கட்ட வேண்டும்.

சாயத்துக்கு மஞ்சள். மங்கல நிறம், யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். ஆஸ்பத்திரித் துணி ஏற்கெனவே எண்ணெய்ப் பசை நீக்கி வெளுத்தது என்பதால் தனியாக வேகவைக்கத் தேவையில்லை. சுருளுக்கு 50 கிராம் படிகாரம், 100 கிராம் மஞ்சள்தூள், 8 லிட்டர் தண்ணீர். அரை மணி நேரம் மெல்லிய கொதி. தூளைத் துணியில் முடிந்து போட வேண்டும், இல்லாவிட்டால் இழைக்கு நடுவே துகள் அப்பிக்கொள்ளும். நிழலில் காயவைத்து, வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து முக்கி, ஈரத்தோடு சட்டகத்தில் இழுத்துக் கட்டினால் காய்ந்ததும் முரசுத்தோல் மாதிரி விறைக்கும்.

முதல் விசேஷம் போய்வந்த மூடிகளில் குங்குமமும் சந்தனமும் பட்டிருந்தது. சலவைச் சோப்பு போட்டுக் கசக்கினேன். பக்கெட்டில் எல்லாம் இரத்தச் சிவப்பு. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த கைதான் சோப்பையும் எடுத்திருக்கிறது. இரண்டிலும் காரம்தான் வேலை செய்கிறது. எலுமிச்சம்பழம் நான்கு பிழிந்த தண்ணீரில் அலசியதும் மஞ்சள் திரும்பியது, பழைய அடர்த்தி மட்டும் இல்லை. இப்போது பூந்திக்கொட்டை நுரையில் அலசுகிறேன். வெயிலில் நிறம் வெளுக்கும், அதனால் இரண்டு மூன்று விசேஷத்துக்கு ஒருமுறை மறுதோய்ப்பு வேண்டியிருக்கிறது.

ஒரு மூடிக்கு ஆன செலவு: சட்டகம் 40, துணி 13, நாடாவும் நூலும் 5, சாயம் 2, ஆக 60 ரூபாய். என் கைவேலையைச் சேர்க்கவில்லை. கண்ணாடித்தாள் ஒன்று 7 ரூபாய், டேப்பும் ரிப்பனும் 2 ரூபாய். ஏழாவது விசேஷத்தில் மூடி தன் விலையை மீட்டுவிடும், திரும்பி வந்தால். அதற்காக மூடிக்கு 100 ரூபாய் முன்பணம் வாங்குகிறேன். அப்படியும் கல்லிடைக்குறிச்சிக்கு அடுத்துப் போன ஒரு வீட்டில் இரண்டு குறைந்தது. பெண்ணின் அம்மாவைப் போனில் கேட்டேன். “இட்லித் தட்டுக்கு மூட வைத்திருக்கிறேன் மதினி, ஈ அண்டவில்லை. முன்பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். மூடிக்கு 40 ரூபாய் லாபம்.

அடுத்த தொகுதியில் அடிவளையத்தை 16 அங்குலமாக்கப் போகிறேன். ஆப்பிள் கோபுரம் அடுக்கிய தட்டில் 14 அங்குலம் இடிக்கிறது. வில்லை இரண்டிலிருந்து மூன்றாக்கினால் உச்சியில் துணி தட்டையாகாமல் இருக்கும். கஞ்சியில் வேப்பிலைச் சாறு கொஞ்சம் கலக்க வேண்டும். பரணில் வைத்த மூடி ஒன்றைப் பாச்சை அரித்துவிட்டது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க முடியாததால் வேனில் இடம் அடைக்கிறது. வில்லை வளையத்தில் செருகிக் கழற்றும்படி செய்ய முடியுமா என்று கூடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன், தை பிறக்கட்டும் என்கிறார். வாழைத்தார் வைக்கும் தட்டுக்கு எந்த மூடியும் பொருந்தவில்லை. அதை இப்போதைக்கு மூடாமலே அனுப்புகிறேன், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.